கணக்குப் புத்தகமும் விண்கலமும்: விஞ்ஞானப் புனைகதை ரசிகர் சங்கங்களும் ஆர்தர் சி. கிளார்க்கும்

மன்னாரிலிருந்து வெளிவரும் மலரொன்றில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துச் சங்கக் கதை எதற்கு என்று கேட்கக்கூடிய எவரும் இம்மலரை இவ்வளவு தூரம் புரட்டி வந்திருக்கமாட்டார். விஞ்ஞானப் புனைகதையை விரும்பி வாசிக்கும் நமக்கு அது சொந்த வீட்டுக் கதை. அந்த வீட்டின் மூத்தவர்களுள் ஒருவர் தம் வாழ்நாளின் பின்பாதி முழுவதையும், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நமது இலங்கைத் தீவிலேயே கழித்தார். ஆர்தர் சி. கிளார்க்கைச் செய்மதித் தொடர்பை முன்கூட்டியே சொன்னவராகவும், '2001' திரைக்கதையை ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதியவராகவும் நாடறியும். சந்தா வசூலித்து, வரவுசெலவு எழுதி, றோணியோ மையில் கை கறுத்த சங்கத் தொண்டராக அவரை அறிந்தவர்கள் குறைவு. அந்தத் தொண்டரைப் பற்றியும், அவரை உருவாக்கிய சங்கங்களைப் பற்றியும் முறைப்படி எழுதிவைப்பதே இக்கட்டுரையின் வேலை.

தோற்றத்திலிருந்து தொடங்குவோம். 1926ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயோர்க்கில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். முழுக்க முழுக்க விஞ்ஞானப் புனைகதைக்கென வெளிவந்த முதல் இதழ் அது. அதில் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பகுதி இருந்தது. எழுதியவரின் பெயருடன் முழு முகவரியும் அச்சாகும். அந்த முகவரிகளே எல்லாவற்றுக்கும் வித்து. ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்குத் தபால் எழுதினார். இருவர் நால்வரானார்கள், நால்வர் சங்கமானார்கள். 1934இல் கேர்ன்ஸ்பாக்கே 'சயன்ஸ் ஃபிக்ஷன் லீக்' என்ற அமைப்பை அறிவித்து, ஊர்தோறும் கிளைகள் அமைக்க அழைப்பு விடுத்தார். வியாபார நோக்கம் அதில் இல்லாமலில்லை. ஆனால் கிளைகள் விரைவிலேயே தாய்ச் சங்கத்தை மறந்து தம் காலில் நின்றன.

பிரித்தானியாவில் அதற்கும் முன்னோடி ஒருவர் இருக்கிறார். இலண்டனை அடுத்த இல்ஃபர்டில் 1930ஆம் ஆண்டே வால்டர் கில்லிங்ஸ் என்ற இளைஞர் ஒரு வாசகர் வட்டம் கூட்டினார். அந்நாட்டின் முதலாவது விஞ்ஞானப் புனைகதைச் சங்கம் என்ற பெருமை அதற்கே உரியது. 1935இல் லீட்ஸ் நகரில் டக்ளஸ் மேயரும் நண்பர்களும் லீகின் கிளையொன்றை நிறுவினார்கள். 1936 மார்ச்சில் நன்ஈட்டன் என்ற சிற்றூரிலிருந்து மொரிஸ் ஹான்சன் 'நோவே டெரே' என்ற கையிதழைக் கொண்டுவந்தார். ரசிகர்களே எழுதி, ரசிகர்களே பெருக்கி, ரசிகர்களுக்கே அனுப்பிய இதழ்களில் பிரித்தானியாவுக்கு அதுவே முதலாவது. இன்னொரு பக்கம், லிவர்பூலில் பிலிப் கிளீட்டர் 1933 அக்டோபரில் 'பிரித்தானியக் கோளிடைக் கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். கழகம் விண்வெளிப் பயணத்தை ஆராயும், சங்கம் விண்வெளிக் கதைகளை வாசிக்கும் என்று பெயருக்கு இரண்டு. வரவுப் புத்தகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஆட்கள்.

இந்தச் சூழலுக்குள்தான் சமர்செட் கடலோரத்து மைன்ஹெட்டில் 1917 டிசம்பர் 16ஆம் திகதி பிறந்த ஆர்தர் வந்து சேர்ந்தார். தந்தை 1931இல் இறந்தபோது பையனுக்கு வயது பதின்மூன்று. நான்கு பிள்ளைகளையும் பண்ணையையும் தாயார் தனியே தாங்கினார். அந்தத் தாயார் திருமணத்துக்கு முன் தபால் நிலையத்தில் தந்தி அனுப்புபவராக வேலை பார்த்தவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் உதவும். அமெரிக்க இதழ்களின் பழைய பிரதிகள் உல்வேர்த் கடையில் மூன்று பென்சுக்குக் குவியலாகக் கிடந்தன. கப்பலில் பாரத்துக்காக ஏற்றிவந்தவை என்று சொல்வார்கள். அந்த மூன்று பென்சும் எல்லா நாளும் கையில் இருக்கவில்லை. கிடைத்ததை வாங்கினார், மிஞ்சியதை மாற்றிக்கொண்டார். டேவிட் லாசர் எழுதிய 'விண்வெளி வெற்றி' என்ற நூல் புத்தகக் கடைக் கண்ணாடிக்குள் இருந்ததைக் கண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கொண்டு வாங்குவித்தார். விண்வெளிக்குப் போகலாம் என்பது கதையல்ல, கணக்கு என்று அந்த நூலே தமக்குச் சொன்னது என அவர் பிற்காலத்தில் பலமுறை எழுதியிருக்கிறார். 1934இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, கோளிடைக் கழகத்தில் அங்கத்தவரானார்.

1936இல் அவர் இலண்டனுக்கு வந்தது அரசாங்க உத்தியோகத்துக்காக. கணக்காய்வுத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். கணக்குப் பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் சங்கத்துக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது, எந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் அங்கம் வகித்தவருக்கும் தெரியும். கழகம் அவரைப் பொருளாளராக்கியது.

1937 ஜனவரி 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, லீட்ஸ் நகரின் தியோசொபிக்கல் மண்டபத்தில் பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதை ரசிகர்களின் முதல் மாநாடு கூடியது. வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. கிளார்க் இலண்டனிலிருந்து போனார். கில்லிங்ஸ், ரெட் கார்னல் என்ற ரசிகர், ஹான்சன், எழுத்தாளர் எரிக் ஃபிராங்க் ரசல் ஆகியோரும் இருந்தார்கள். உலகின் முதல் மாநாடு இதுவா, அதற்குச் சில மாதங்களுக்கு முன் பிலடெல்பியாவில் அமெரிக்க நண்பர்கள் கூடியதா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். மண்டபம் பிடித்து, முன்கூட்டி அறிவித்து, நிகழ்ச்சிநிரல் வைத்து நடத்தியது லீட்ஸ். ஆகவே முதலிடம் அதற்கே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அந்த மண்டபத்தில்தான் நாடு தழுவிய 'விஞ்ஞானப் புனைகதைச் சங்கம்' பிறந்தது. சங்கம் வெளியிட்ட கையிதழொன்றில் அதே ஆண்டு டிசம்பரில் கிளார்க்கின் முதல் கதை வெளிவந்தது. ஊதியம் எதுவும் இல்லை. சங்கத்தின் ஆரம்ப வரலாற்றில் எவருக்கும் எதற்கும் ஊதியம் இல்லை.

1938 முதல் கிளார்க்கும் ஹான்சனும் வில்லியம் டெம்பிளும் கிரேஸ் இன் வீதி 88ஆம் இலக்கத்து மாடிவீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். வாடகையை மூவரும் பகிர்ந்த அந்த அறைகளே சங்கத்தின் தலைமையகமாக மாறின. இதழ் அங்கே உருவானது. கூட்டங்களும் அங்கே நடந்தன. நண்பர்கள் கிளார்க்குக்கு 'ஈகோ' என்று பட்டப்பெயர் வைத்ததும் இக்காலத்தில்தான். அவர் கோபித்ததாகத் தெரியவில்லை.

கையிதழ் வேலை எத்தகையது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். நம் பாடசாலைகளில் பரீட்சை வினாத்தாள் றோணியோ பண்ணிய காலத்தைக் கண்டவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றி, மை நாடாவை விலக்கிவிட்டு வெறும் எழுத்தச்சால் அடிக்கவேண்டும். மெதுவாக அடித்தால் எழுத்து விழாது. பலமாக அடித்தால் ஆங்கில 'ஓ' போன்ற எழுத்துகளின் நடுப்பகுதி வட்டமாக வெட்டுண்டு விழுந்துவிடும். பிழை விட்டால் அதன்மேல் திரவம் பூசி, ஊதி, காய்ந்தபின் திரும்ப அடிக்கவேண்டும். பிறகு உருளையில் மாட்டி மை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினால் தாள் ஒவ்வொன்றாக வரும். அடுக்குவது, தைப்பது, முகவரி எழுதுவது, முத்திரை ஒட்டுவது, தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவது எல்லாம் அதன் பின்னால். பகலில் கந்தோர் வேலை பார்த்த இளைஞர்கள் இரவில் இதைச் செய்தார்கள்.

அதே வீட்டு வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள்தான் கோளிடைக் கழகத்தின் பெயரில் சந்திரனுக்குப் போகும் கலமொன்றைக் காகிதத்தில் வரைந்தார்கள். வாணம் ஒன்றைக்கூடக் கொளுத்திப் பார்க்க அவர்களால் முடியவில்லை. 1875ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் தனியார் அத்தகைய சோதனை செய்வதைத் தடுத்தது. ஆகவே கணக்காலேயே கட்டினார்கள். மூவர் பயணிக்கும் கலம், அடுக்கடுக்காக எரிந்து கழன்றுபோகும் சிறு வாணக்குழாய்கள் பல, சந்திரத் தரையில் இறங்கக் கால்கள். திட்டம் 1939 ஜனவரியில் கழக இதழில் வெளியாயிற்று. கலம் சுழன்றுகொண்டே போகுமாதலால், உள்ளிருப்பவர்கள் விண்மீன்களை அசையாமல் பார்ப்பதற்கு ஆடிகள் பூட்டிய கருவியொன்று தேவைப்பட்டது. காசு திரட்டி உண்மையாகவே செய்த ஒரே பொருள் அதுதான். சுழலும் தட்டொன்றை அது நிற்பதுபோல் காட்டிற்று. இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் அதைச் செய்துகாட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து அப்பலோ போனபோதும் உள்ளே இருந்தவர்கள் மூவரே.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. சங்கம் நின்றது. கழகம் கதவடைத்தது. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். கிளார்க் விமானப்படையில் ராடார் பயிற்சி பெற்று, மூடுபனியில் விமானங்களைத் தரையிலிருந்தே வழிகாட்டி இறக்கும் புதிய முறையில் பணியாற்றினார். டெம்பிள் தாம் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கைப்பிரதியைப் போர்முனையில் ஒருமுறை இழந்து, மீண்டும் எழுதி, மீண்டும் இழந்து, மூன்றாம் முறை எழுதி முடித்தார். 'நாற்பக்க முக்கோணம்' என்ற அந்நாவல் 1949இல் வந்து, பிறகு திரைப்படமுமானது.

சங்க வரலாற்றின் மிகப்பெரிய தியாகம் ஆயுதம் ஏந்தாத ஒருவருடையது. லீட்ஸ் நகரத்து மைக்கேல் ரோசன்புளும் மனச்சாட்சி காரணமாகப் போரில் சேர மறுத்தவர். அதற்கு மாற்றாகப் பண்ணைக்கூலி வேலை அவருக்கு விதிக்கப்பட்டது. பகல் முழுதும் வயலில் உழைத்துவிட்டு இரவில் ஸ்டென்சில் அடித்தார். 'ஃப்யூச்சூரியன் வோர் டைஜஸ்ட்' என்ற அவருடைய இதழ் 1940 அக்டோபர் தொடக்கம் 1945 மார்ச் வரை வெளிவந்தது. தாளுக்குத் தட்டுப்பாடு, மைக்குத் தட்டுப்பாடு, அமெரிக்க இதழ்களின் இறக்குமதியும் நின்றுபோயிருந்தது. வேறு ஊர் ரசிகர்கள் ஓரிரு பக்கங்களில் வெளியிட்ட சிற்றிதழ்களையும் வாங்கித் தமது உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினார், முத்திரைச் செலவு மிஞ்சட்டும் என்று. யார் எந்தப் படைப்பிரிவில் இருக்கிறார், யாருடைய வீடு குண்டில் போயிற்று, யாரிடம் எந்தப் பழைய இதழ் இருக்கிறது என்பதெல்லாம் அதில் செய்தியாக வந்தன. போர் முடிந்தபோது பிரித்தானியாவில் ரசிகர் கூட்டம் என்று ஒன்று மிஞ்சியிருந்ததற்கு இந்த ஒரு மனிதரின் இரவுகளே காரணம். கிளார்க்கின் பெயரில் விருதும் நிறுவனமும் இருக்கின்றன. ரோசன்புளும் பெயரைச் சொல்வார் குறைவு என்பதால்தான் இங்கே சற்று விரித்து எழுத நேர்ந்தது.

போரின் கடைசி மாதங்களில், 1945 மே மாதம், விமானப்படை முகாமிலிருந்த கிளார்க் ஒரு குறிப்பைத் தட்டச்சுச் செய்து கோளிடைக் கழகத்து நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கும் நிலையம் பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும், ஆகவே கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்கும், அத்தகைய மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் வானொலி அஞ்சல் செய்யலாம் என்பது அதன் சாரம். விரித்து எழுதிய கட்டுரை அக்டோபர் மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளிவந்தது. அதற்குக் கிடைத்த ஊதியம் 15 பவுண். உலகத் தொலைத்தொடர்பை மாற்றிய எண்ணம் முதன்முதலாகச் சென்றது காப்புரிமைக் கந்தோருக்கு அல்ல, சங்கத்து ஆட்களிடம் என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

1946 தொடக்கம் இலண்டன் ரசிகர்கள் வியாழக்கிழமை தோறும் ஃபெற்றர் லேனில் உள்ள வைட் ஹோர்ஸ் என்ற மதுச்சாலையில் கூடினார்கள். தலைவர் இல்லை, நிகழ்ச்சிநிரல் இல்லை, வந்தவர் வரலாம். வைட் ஹோர்ஸில் பேசியவற்றின் வாசனையைத்தான் கிளார்க் 1957இல் 'வைட் ஹார்ட் கதைகள்' என்ற தொகுதியில் வைத்தார். 1953இல் மதுச்சாலைக்காரர் லூ மோர்டகாய் ஹற்றன் கார்டனிலிருந்த குளோப் என்ற வேறு கடைக்கு மாறியபோது கூட்டம் முழுவதும் அவர் பின்னாலேயே போயிற்று. கடையை அல்ல, கடைக்காரரைத்தான் அவர்கள் தமதாக நினைத்திருந்தார்கள்.

அதே மேசைகளில் இன்னொரு காரியமும் நடந்தது. ஹான்சனின் 'நோவே டெரே' 1939இல் ரெட் கார்னல் கைக்கு வந்து 'நியூ வேர்ல்ட்ஸ்' என்று பெயர் மாறியிருந்தது. போருக்குப் பின் ஒரு பதிப்பகம் அதை அச்சிதழாக எடுத்து மூன்று இதழோடு நொடித்துப் போயிற்று. ரசிகர்கள் தாமே பங்குபோட்டு நோவா பதிப்பகம் என்ற கம்பனியைத் தொடங்கி, எழுத்தாளர் ஜோன் விண்டமைத் தலைவராக்கி, 1949இல் இதழை மீட்டார்கள். நன்ஈட்டனில் கையால் சுற்றிய இதழ் நாட்டின் முதன்மையான விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையாக உயர்ந்தது இவ்வாறுதான். கோளிடைக் கழகமும் போரின் பின் மீண்டெழுந்தது. கிளார்க் இருமுறை அதன் தலைவராக இருந்தார். தமது உரையொன்றை பெர்னாட் ஷோவுக்கு அனுப்பிவைக்க, தொண்ணூறு வயது கடந்த அந்த முதியவர் சந்தா கட்டி அங்கத்தவரானார். சந்தா சேகரிப்பதில் அதற்குமேல் ஒரு பொருளாளர் என்ன சாதிக்க முடியும்?

1950களில் தொண்டர்கள் பெருகினார்கள். படை அதிகாரியாக இருந்தபடியே 1947இல் 'ஒப்பரேஷன் ஃபன்ரஸ்ற்' என்ற தபால்வழி அமைப்பைத் தொடங்கிய கென் ஸ்லேட்டர், டொலர் கட்டுப்பாட்டால் அமெரிக்கப் புத்தகம் வாங்க முடியாத பிரித்தானிய வாசகர்களுக்குப் பண்டமாற்று முறையில் புத்தகங்களைப் பெற்றுக்கொடுத்தார். 1953இல் பிலடெல்பியா உலக மாநாட்டில் ஹியூகோ விருதுகள் முதன்முறை வழங்கப்பட்டபோது, சிறந்த ரசிகருக்கான விருதைப் பெற்ற ஃபொரஸ்ற் அக்கர்மன், இது கென் ஸ்லேட்டருக்கே உரியது என்று மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார். 1957இல் உலக மாநாடு முதன்முறையாக வட அமெரிக்காவை விட்டு இலண்டனுக்கு வந்தது. 1958 ஈஸ்டரில் கெற்றரிங் நகரில் பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைச் சங்கம் இன்றுள்ள வடிவில் நிறுவப்பட்டது.

கிளார்க் நம் தீவைக் கண்டதும் இந்தப் பத்தாண்டில்தான். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை நோக்கிப் போன கப்பல் கொழும்பில் ஒதுங்கியபோது முதன்முறை கரையிறங்கினார். 1956இல் திரும்பி வந்தவர் இங்கேயே குடியேறினார். கடலடி நீச்சல்தான் அவரை இழுத்தது. நீருக்குள் உடல் பாரமற்று மிதப்பதை விண்வெளிப் பயணத்துக்கு ஒத்திகையாக அவர் கண்டார். 1957இல் வந்த 'ஆழ்கடல் மேய்ச்சல்' பற்றிய நாவலில், திமிங்கிலங்களை மந்தையாக மேய்த்து உலகுக்கு உணவளிக்கும் எதிர்காலத்தை எழுதினார். கதையின் ஒரு பகுதி இலங்கையிலேயே நடக்கிறது. ஆவுளியாவை அறிந்த மன்னார்க் கடற்கரை வாசகருக்கு அந்நாவல் அந்நியமாக இராது. 1958இல் கடலடித் தந்திக் கம்பிகளின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். தாயாரின் தொழில் மகனின் புத்தகமாயிற்று. இந்தியாவோடு இலங்கையைத் தந்தி இணைத்தது நமது மன்னார் வழியாகத்தான் என்பதை அந்நூலோடு சேர்த்து நாம் நினைக்கலாம்.

அக்காலத்தில் மன்னார் வெளியுலகத்தின் வாசலாக இருந்தது. 1914 முதல் தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பிலிருந்து இரவு இரயிலேறியவர் பாக்குநீரிணையைக் கடந்து மறுகரையில் சென்னை இரயிலைப் பிடித்தார். அக்கரையிலிருந்து பயணிகளுடன் தமிழ்ச் சஞ்சிகைகளும் வந்தன. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து கப்பல் தொடர்ந்தாலும் பழைய பாதை அத்தோடு போயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. ரோசன்புளும் காலத்து லீட்ஸ் வாசகரின் நிலைமை நம் வாசகருக்கும் வாய்த்தது. ஒரு பிரதி பத்து வீடு சுற்றியது.

கிளார்க்குக்கும் சோதனைகள் வந்தன. 1962இல் கடுமையான நோயால் நடமாட்டம் இழந்து, மெல்ல மீண்டார். அதன் விளைவு முதுமையில் திரும்பி வந்து அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. 1968இல் '2001' வெளிவந்தது. 1975இல் இந்திய விண்வெளி நிறுவனம் கிராமங்களுக்குச் செய்மதி வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி ஒளிபரப்பும் ஓராண்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து அவருடைய வீட்டில் வாங்கித் தட்டு ஒன்றைப் பொருத்திக்கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம் அது. 1945இல் சங்கத்து நண்பர்களுக்குத் தட்டச்சுச் செய்து அனுப்பிய குறிப்பு முப்பது ஆண்டுக்குப் பின் அவருடைய வீட்டிலேயே படமாக ஓடிற்று. 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு உயரும் மின்தூக்கியைக் கற்பனை செய்தார். அதற்கு நடுக்கோடு தேவை என்பதால் இலங்கையைத் தெற்கே நகர்த்தி வைத்தார். அதே ஆண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். 1984இல் அவருடைய பெயரில் நவீன தொழில்நுட்ப நிறுவனம் மொறட்டுவையில் அமைந்தது.

இத்தனைக்குப் பிறகும் பழைய சங்கத்துக்காரர் மாறவில்லை. ஆண்டு முடிவில் உலகெங்கும் உள்ள நண்பர்களுக்குத் தமது ஆண்டு நடப்பைச் சொல்லும் சுற்றுக்கடிதம் ஒன்றை அனுப்புவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஈகோகிராம்'. மாடிவீட்டுப் பட்டப்பெயரை எண்பது வயதிலும் தலைப்பில் போட்டுக்கொண்டார். இங்கிலாந்தில் விஞ்ஞானப் புனைகதை ஆய்வு நிலையத்துக்குப் புரவலராக இருந்தார். சிறந்த விஞ்ஞானப் புனைகதை நாவலுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க எண்பதுகளின் நடுவில் நிதி கொடுத்தார். ஆர்தர் சி. கிளார்க் விருது முதன்முதலாக 1987இல் மார்கரெற் அற்வூட்டின் நாவலுக்கு வழங்கப்பட்டது. நடுவர்களை அனுப்பும் அமைப்புகளில் ஒன்று, லீட்ஸ் மண்டபத்து மரபில் வந்த பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைச் சங்கமே.

நம் பக்கத்துக்கு அந்த ஆண்டுகள் இருண்டவை. எண்பதுகளில் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார் இரயிலும் நின்றது. அக்டோபரில் முஸ்லிம் சகோதரர்கள் மன்னார்த் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தகங்களைப் பெட்டியில் கட்டியவர்களும் கட்ட நேரமில்லாதவர்களும் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு விஞ்ஞானப் புனைகதையைப் பழக்கிய சுஜாதாவின் தொடர்கள் அக்கரைச் சஞ்சிகைகளில் வந்துகொண்டிருந்தன. இங்கே கைக்குக் கிடைத்தவர் வாசித்தார். 1998இல் தமிழ்நாட்டின் வேலூரில் இந்திய விஞ்ஞானப் புனைகதை ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. நமக்கு மிக அருகிலுள்ள உடன்பிறப்புச் சங்கம் அதுதான்.

2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளில் கிளார்க் மூன்று விருப்பங்களைச் சொன்னார். பூமிக்கு அப்பாலும் உயிர் உண்டென்பதற்குச் சான்று கிடைக்கவேண்டும். எண்ணெயை விட்டு உலகம் தூய சக்திக்கு மாறவேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். அந்த மாதங்களில் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் போர் நடந்துகொண்டிருந்தது. 2008 மார்ச் 19ஆம் திகதி அவர் காலமானார். கொழும்பு கனத்தையில் மதச் சடங்கு எதுவுமின்றி அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது விருப்பத்தின் ஒரு துண்டு மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கிறது. 2020இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் முப்பதும் 103.5 மெகாவாற் மின்சாரம் தரவல்லவை. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை இரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கோளிடைக் கழகம் தொண்ணூறு ஆண்டு நிறைந்து இலண்டனில் இயங்கிவருகிறது. பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் இன்றும் ஊதியமில்லாத தொண்டர்களே.

லீட்ஸ் மாநாட்டில் யார் வந்தார், ரோசன்புளும் எந்த மாதம் எந்தச் செய்தியைப் போட்டார் என்பவை இன்று நமக்குத் தெரிவது, யாரோ சிலர் அந்தக் கையிதழ்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததனால். நம் பக்கத்தில் அத்தகைய இதழ்கள் இடப்பெயர்வில் போனவை போக எஞ்சியிருக்கின்றன. பாடசாலை விஞ்ஞான மன்ற மலர், றோணியோக் கையெழுத்துச் சஞ்சிகை, வாசிகசாலை ஆண்டறிக்கை, பழைய தொடர்கதைக் கட்டு என எதுவானாலும், வீட்டில் இருந்தால் பழைய தாள்காரருக்குப் போடவேண்டாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வருடி வைக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், அல்லது இம்மலர்க் குழுவினரிடம் ஒப்படையுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.